பிரேம் கடைக்கு என்னென்ன வாங்க வேண்டும்: நாலு மூலையிலிருந்து தொடங்குங்கள்

போன மாதம் எட்டயபுரத்திலிருந்து ஒரு பெண் என் கடைக்கு வந்தாள். படத்துக்குச் சட்டம் போடும் பிரேம் கடை வைக்கப் போகிறாளாம். மடித்து வைத்திருந்த கொட்டேஷனை மேஜையில் விரித்து, "அக்கா, இதெல்லாம் வாங்கினா போதுமா, இன்னும் ஏதாவது விட்டுப்போச்சா?" என்று கேட்டாள்.

வாங்கிப் படித்தேன். இரட்டை பிளேடு கட்டிங் மெஷின், காற்றில் ஓடும் ஜாயின்ட் மெஷின், சுவரோடு நிறுத்தி வைக்கும் கண்ணாடி கட்டர், ஆளுயர மவுண்ட் கட்டர் (மவுண்ட் என்பது படத்தைச் சுற்றி, கண்ணாடிக்கு அடியில் வைக்கும் அட்டை), ஹாட் லேமினேஷன் பிரஸ். மொத்தம் மூன்றரை லட்சத்தைத் தாண்டியிருந்தது. அதில் பீடிங் (வெட்டிச் சட்டம் செய்கிற நீளப் பட்டை) வாங்க ஒரு ரூபாய் ஒதுக்கவில்லை. படத்தை விரித்து வைத்து வேலை பார்க்க ஒரு மேஜைகூட இல்லை.

அவளை உட்கார வைத்து இரண்டு மணி நேரம் பேசினேன். இது அவளுக்கு மட்டும் பயன்படுகிற விஷயம் இல்லை என்று தோன்றியதால் எழுதி வைக்கிறேன்.

எங்கள் கடை கோவில்பட்டியில் இருக்கிறது. அப்பா தச்சர். கை ரம்பத்தால் அறுத்து, ஃபெவிகால் தடவி, ஆணி அடித்துப் படங்களுக்குச் சட்டம் போடுவார். நான் ஒன்பதாம் வகுப்பு படித்தபோதே பள்ளிக்கூடம் விட்டதும் கண்ணாடி துடைக்க உட்கார்ந்துவிடுவேன். இந்த ஊருக்கும் சாமி படத்துக்கும் நெடுநாள் உறவு உண்டு. காலண்டர் ஓவியர் கொண்டையராஜு வாழ்ந்த ஊர் இது. 1976இல் அவர் காலமாகிவிட்டார். ஆனால் அவர் வரைந்த லட்சுமியும் முருகனும் இன்றைக்கும் ஏதாவது ஒரு பழைய வீட்டுப் பூஜை அறையிலிருந்து இறங்கி, கரையான் அரித்த சட்டத்தோடு என் மேஜைக்கு வருகிறார்கள். அந்தச் சட்டங்களைப் பிரித்துப் பிரித்துத்தான் எந்த வேலை நிற்கும், எது நிற்காது என்று படித்தேன்.

மெஷின் கடைக்குப் போகும் முன்னால் ஒரு நோட்டில் எழுதிப் பாருங்கள்: உங்கள் தெருவில், உங்கள் ஊரில் யார் எந்தப் படத்தைச் சட்டம் போடக் கொண்டுவருவார்கள்? எனக்கு வருவதில் பாதிக்கு மேல் சாமி படமும் இறந்தவர்கள் படமும்தான். அப்புறம் கல்யாண போட்டோ, காதுகுத்து போட்டோ, பிள்ளைகள் வாங்கிய சான்றிதழ். டிசம்பர் 11 பாரதி பிறந்தநாள் என்பதால் நவம்பர் கடைசியில் பள்ளிக்கூடங்களிலிருந்து பாரதி படத்துக்கு ஆர்டர் வரும். எப்போதாவது ஒரு தஞ்சாவூர் ஓவியம். இவற்றில் பெரும்பாலானவை 8க்கு 12, 12க்கு 18 அங்குலம். மூன்றடிக்கு மேல் மாதத்துக்கு இரண்டு வந்தால் பெரிது. இப்படிப்பட்ட வேலைக்கு ஆளுயர மவுண்ட் கட்டர் எதற்கு? உங்கள் ஊரில் ஓவியர்களும் கட்டட வடிவமைப்பாளர்களும் நிறைய இருந்தால் கணக்கு வேறு. அப்போது முதலில் மவுண்ட் கட்டரைத்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

மூலைக்குத்தான் முதல் பணம்

வாடிக்கையாளர் படத்தைக் கையில் வாங்கியதும் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். சாமி முகத்தை ஒரு தடவை பார்ப்பார். அடுத்து அவருடைய கட்டைவிரல் தானாகவே மூலைக்குப் போகும். அங்கே மேடு தட்டினாலோ, தலைமுடி அளவு இடைவெளி தெரிந்தாலோ முகம் மாறிவிடும். வாயைத் திறந்து ஒன்றும் சொல்ல மாட்டார். ஆனால் அடுத்த படம் உங்களிடம் வராது.

ஒரு சட்டத்துக்கு நாலு மூலை. ஒவ்வொரு மூலையிலும் இரண்டு வெட்டு, ஆக எட்டு வெட்டு. ஒவ்வொன்றும் 45 டிகிரியில் விழ வேண்டும். மெஷின் கால் டிகிரி தப்பாக வெட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கால் டிகிரியைக் கண்ணால் பார்க்கவே முடியாது. ஆனால் எட்டு வெட்டும் சேரும்போது தப்பு இரண்டு டிகிரி ஆகிவிடும். மூன்று மூலை அழகாகச் சேர்ந்து, நாலாவது மூலை வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். அந்த நாலாவது மூலையை மக்கு வைத்து அடைக்கிறவர்கள் உண்டு. ஒரு வருடத்தில் மக்கு காய்ந்து உதிர்ந்து, கீழே விளக்கு மாடத்தில் விழுந்து கிடக்கும்.

அதனால் கையில் இருக்கும் பணத்தில் பெரிய பங்கை வெட்டுகிற கருவிக்கும் மூலையைச் சேர்க்கிற கருவிக்கும் வையுங்கள். மற்ற எல்லாவற்றுக்கும் கைக்கருவி போதும்.

வெட்டுவதற்கு நான்கு வழி இருக்கிறது. அப்பா வைத்திருந்தது ரம்பத்தை 45 டிகிரியில் பிடித்து நிறுத்தும் மைட்டர் பாக்ஸும் பின்பக்கம் இரும்புப் பட்டை வைத்த ரம்பமும். மரத்துக்கு இன்றைக்கும் அது நல்ல கருவிதான். ஆனால் இப்போது சந்தையில் ஓடுவது சிந்தடிக் பீடிங். கை ரம்பம் அதன் தங்க முலாம் பூசிய விளிம்பைப் பிய்த்துவிடும். இரண்டாவது, காலால் மிதித்து வெட்டும் கத்தி மெஷின். கரண்ட் வேண்டாம், தூசி இல்லை, சத்தமும் இல்லை. மரத்தில் வெண்ணெய் வெட்டியது போல வெட்டு முகம் கிடைக்கும். சில சிந்தடிக் பீடிங் அதில் சிதறும். கத்தி மழுங்கினால் சாணை பிடிக்கத் தெரிந்த இடத்துக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஒரு செட் கத்தி மாற்றுக்கு இல்லாமல் அதை வாங்காதீர்கள்.

மூன்றாவது இரட்டை பிளேடு மெஷின். ஒரே இறக்கில் இரண்டு பக்கமும் 45 விழுந்துவிடும். ஒரு நாளைக்கு ஐம்பது அறுபது சட்டம் போடுகிறவர்களுக்கு அது சாமி மாதிரி. பத்துக்குக் குறைவாகப் போடும்போது அது இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். பீடிங் ஒரு லெந்த் பெரும்பாலும் ஒன்பதரை அடி. பிளேடுக்கு இடப்பக்கம் ஒன்பதரை, வலப்பக்கம் ஒன்பதரை என்று நீட்ட இடம் வேண்டும். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் கடையில் எங்கே நீட்டுவது?

நாலாவதுதான் நான் எட்டயபுரத்துப் பெண்ணுக்குச் சொன்னது: பத்து அங்குல மைட்டர் ரம்பம், அதாவது கோணம் வைத்து அறுக்கும் மின்ரம்பம். போஷ், மகிட்டா, டிவால்ட் என்று தெரிந்த கம்பெனிகள் எல்லாம் செய்கின்றன. 15,000லிருந்து 25,000 ரூபாய்க்குள் நல்லது கிடைக்கும். வீட்டுக் கரண்டிலேயே ஓடும்.

மெஷினோடு வருகிற பிளேடைக் கழற்றி வைத்துவிடுங்கள். அது கதவு நிலை, ரீப்பர் அறுக்கிறவர்களுக்கானது. பல் குறைவாக இருக்கும், பீடிங் விளிம்பைக் கடித்துவிடும். நமக்கு வேண்டியது எண்பதிலிருந்து நூறு பல் உள்ள டி.சி.டி. (பல் நுனியில் டங்ஸ்டன் கார்பைடு வைத்த) பிளேடு. வாங்கும்போது பிளேடு நடுவில் உள்ள துளையும் உங்கள் மெஷின் தண்டும் ஒரே அளவா என்று பாருங்கள். ஒரே சமயத்தில் இரண்டு பிளேடு வாங்குங்கள். ஒன்று சாணைக்குப் போகும்போது இன்னொன்று ஓடும். சிந்தடிக் பீடிங்கை ரொம்ப மெதுவாக அறுத்தால் சூட்டில் உருகிப் பல்லில் அப்பிக்கொள்ளும், வேகமாக இறக்கினால் விளிம்பு தெறிக்கும். நடு வேகம் நாலு நாளில் கைக்கு வந்துவிடும். அப்பியதை மண்ணெண்ணெய் தொட்ட பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து எடுப்பேன், பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான்.

கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி மாட்டிக்கொள்ளாமல் அறுக்காதீர்கள். இதை எல்லாரும் சொல்வார்கள், யாரும் கேட்பதில்லை. சிந்தடிக் துணுக்கு நேராகக் கண்ணுக்குத்தான் வரும்.

வாங்கும் முன் செய்து பார்க்க வேண்டிய சோதனை

கடைக்காரர் ஓட்டிக் காட்டும் பீடிங் துண்டை நம்பாதீர்கள். அது மெலிந்ததாக, மென்மையானதாக இருக்கும். எந்த மெஷினில் வெட்டினாலும் நன்றாகத்தான் தெரியும். நீங்கள் விற்கப்போகிற பீடிங்கிலேயே அகலமான ஒரு லெந்த்தைக் கையோடு கொண்டுபோங்கள். அதில் ஒரே நீளத்தில் நாலு துண்டு வெட்டச் சொல்லுங்கள். பசை, ஆணி எதுவும் வேண்டாம். ஒரு கண்ணாடிப் பலகை மேல் நாலையும் சேர்த்து வைத்து, இரண்டு கையாலும் நெருக்கிப் பிடித்து, வெளிச்சத்துக்கு எதிரே குனிந்து பாருங்கள்.

உள்பக்கம் இடைவெளி தெரிந்தால் மெஷின் 45க்கு மேலே வெட்டுகிறது. வெளிப்பக்கம் தெரிந்தால் 45க்குக் கீழே வெட்டுகிறது. இரண்டுமே அளவைத் திருகிச் சரிசெய்யக்கூடிய குறைதான், பயப்பட வேண்டாம். மேல்பக்கம் சேர்ந்து அடிப்பக்கம் திறந்திருந்தால் பிளேடு செங்குத்தாக நிற்கவில்லை என்று அர்த்தம். மூலைமட்டத்தைப் பிளேடோடு ஒட்டி நிறுத்திப் பார்த்துத் திருகலாம். ஆனால் ஒரே அமைப்பில் இரண்டு தடவை வெட்டி, இரண்டு தடவையும் வேறு வேறு மாதிரி வந்தால் அந்த மெஷினை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். தண்டில் ஆட்டம் இருக்கிறது. அதை யாராலும் திருகிச் சரிசெய்ய முடியாது.

இது நான் பணம் கொடுத்துக் கற்ற பாடம். சில வருடங்களுக்கு முன் வேறு ஊரில் மூடிய ஒரு கடையிலிருந்து இரட்டை பிளேடு மெஷின் ஒன்றைப் பழையதாக வாங்கினேன். புது விலையில் மூன்றில் ஒரு பங்கு. பெயின்ட் அடித்துப் பளபளவென்று நின்றது. ஓட்டிக் காட்டினார்கள், வெட்டியது, ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன். அந்த வருடம் பாரதி படம் நாற்பது ஆர்டர். வெட்டி, சேர்த்து, அடுக்கி வைத்துவிட்டுக் காலையில் வந்து பார்த்தால் ஒரே அளவுச் சட்டங்கள் ஒன்றின் மேல் ஒன்று சரியாக உட்காரவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து மூலையைத் தடவினேன். சிலதில் நாலாவது மூலை, சிலதில் முதல் மூலை. ஒரு ஒழுங்கே இல்லை. பிளேடைக் கையால் பிடித்து அசைத்தேன், நெல்மணி அளவு ஆடியது. பேரிங் தேய்ந்து போயிருந்தது. இருபத்தாறு சட்டத்தைப் பிரித்துப் போட்டுவிட்டு, அப்பாவின் பழைய மைட்டர் பாக்ஸை எடுத்து, மூன்று ராத்திரி உட்கார்ந்து திரும்ப அறுத்தோம். டிசம்பர் 10 சாயங்காலம் கடைசிப் படம் போனது.

அதனால் பழைய மெஷின் வாங்கினால் முதலில் கரண்டை நிறுத்திவிட்டுப் பிளேடைக் கையுறையோடு பிடித்து மேலும் கீழும், முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். பிறகு ஓடவிட்டுக் காது கொடுத்துக் கேளுங்கள். நல்ல பேரிங் ஒரே சுருதியில் பாடும்.

ரம்பத்தோடு இன்னொன்று கட்டாயம் வேண்டும். அதைக் கடையில் விற்க மாட்டார்கள், நாமே செய்துகொள்ள வேண்டும். மெஷினுக்குப் பக்கத்தில் நேரான ஒரு நீளப் பலகை அடித்து, அதில் ஒரு மரக்கட்டையைக் கிளாம்பு போட்டு நிறுத்திவிட வேண்டும். வெட்டிய முனையை அந்தக் கட்டையில் முட்ட வைத்து அடுத்ததை வெட்டினால் எதிரெதிர்த் துண்டுகள் அச்சு மாறாமல் ஒரே நீளம் வரும். டேப் வைத்து அளந்து அளந்து வெட்டினால் ஒரு மில்லி மீட்டராவது தப்பும். கோணம் சரியாக இருந்தாலும், எதிரெதிர்ப் பக்கம் ஒரு மில்லி மீட்டர் வித்தியாசப்பட்டால் கடைசி மூலை சேராது. புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்கள் மெஷினைத் திட்டுவதெல்லாம் பாதி இந்தக் கட்டை இல்லாததால்தான்.

சேர்ப்பது

மூலையை அடியிலிருந்து 'வி' வடிவ ஆணி ஏற்றிச் சேர்க்கும் மெஷின் இருக்கிறது. எங்கள் பக்கம் ஜாயின்ட் மெஷின் என்போம். காலால் மிதிப்பது ஒன்று, காற்றில் ஓடுவது ஒன்று. தொடங்கும்போது காலால் மிதிப்பது போதும். நானே ஆறு வருடம் அதில்தான் ஓட்டினேன். அதிலும் பாருங்கள், சட்டத்தை மேலிருந்து அழுத்திப் பிடிக்கிற கை உறுதியாக இருக்கிறதா, பின்னால் 90 டிகிரியில் நிற்கிற தடுப்பு ஆடாமல் இருக்கிறதா என்று. ஆணி ஏறும்போது சட்டம் துளி மேலே எழும்பினாலும் மூலையில் மேடு விழுந்துவிடும்.

ஆணி 5, 7, 10, 12, 15 மி.மீ. உயரங்களில் கிடைக்கும். பீடிங் உயரத்தில் பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்குக்குள் எடுங்கள். 15 மி.மீ. பீடிங்குக்கு 10 மி.மீ. ஆணி சரியாக இருக்கும். வெளி முனைக்கு ரொம்பப் பக்கத்தில் அடித்தால் பிளந்துவிடும். உங்கள் மெஷினுக்கு எந்த ஆணி சேரும், அது பக்கத்து ஊரிலாவது கிடைக்குமா என்று கேட்காமல் மெஷினை வாங்காதீர்கள்.

பசை விஷயத்தில் நிறையப் பேர் தவறு செய்கிறார்கள். மரத்துக்கு ஃபெவிகால் சரி. சிந்தடிக் பீடிங்கில் ஃபெவிகால் பிடிக்காது, காய்ந்ததும் தோல் மாதிரி உரிந்து வந்துவிடும். அதற்கு ஃபெவிக்விக் வகைப் பசைதான். தேக்கு மாதிரிக் கெட்டி மரத்தில் 'வி' ஆணி மடங்கிவிடும். அதற்கு மெல்லிய துளை போட்டு, பசை வைத்து, மெல்லிய பின் ஆணி அடிக்க வேண்டும். தஞ்சாவூர் ஓவியத்துக்குப் பெரும்பாலும் தேக்குதான் கேட்பார்கள். அந்த ஓவியம் பலகை மேல் துணி ஒட்டி, மக்கு வைத்து எழுப்பி, தங்கத் தாளும் கற்களும் பதித்தது. அதன் மேல் கண்ணாடி படவே கூடாது. அந்த வேலைக்கு ஆழமான காடி (கண்ணாடியும் படமும் உட்காரச் சட்டத்தின் உள்பக்கம் இருக்கும் பள்ளம்) உள்ள சட்டம் வேண்டும். முதல் வருடம் அதைத் தொடாமல், தெரிந்த தச்சரிடம் சட்டத்தை மட்டும் செய்து வாங்கிக்கொள்ளுங்கள்.

காடி என்றதும் ஞாபகம் வருகிறது. பீடிங் வாங்கும்போது எல்லாரும் பூ வேலைப்பாட்டைப் பார்ப்பார்கள். நான் திருப்பிக் காடியைத்தான் முதலில் பார்ப்பேன். கண்ணாடி 2 மி.மீ., மவுண்ட் ஒன்றரை, படம் அரை, பின்பலகை 3. ஆக 7 மி.மீ. அதற்கு மேல் காடி ஆழம் இருந்தால்தான் பின்பலகை உள்ளே உட்காரும்.

கண்ணாடியும் இடைவெளியும்

கண்ணாடி வெட்ட, எண்ணெய் ஊறும் கைக் கட்டர் ஒன்று, கனமான ஸ்டீல் ஸ்கேல் ஒன்று, ஜமுக்காளம் விரித்த சமமான மேஜை. இவ்வளவுதான். கோடு ஒரே இழுப்பில் விழ வேண்டும். "சர்ர்ர்" என்று பட்டு கிழிகிற மாதிரிச் சத்தம் வந்தால் சரியான அழுத்தம். போட்ட கோட்டின் மேல் இரண்டாம் முறை இழுத்தால் கட்டரின் சக்கரம் கெட்டுவிடும். கோடு போட்டதும் ஆற விடாமல் உடனே ஒடித்துவிட வேண்டும். சிறிய படத்துக்கு 2 மி.மீ. கண்ணாடி போதும். எடையையும் கணக்குப் பாருங்கள்: ஒரு மி.மீ. தடிமனுக்குச் சதுர மீட்டருக்கு இரண்டரை கிலோ. இரண்டடிக்கு மூன்றடிப் படத்துக்கு 2 மி.மீ. போட்டால் கிட்டத்தட்ட மூன்று கிலோ, 4 மி.மீ. போட்டால் அதில் இரட்டிப்பு. பெரிய படத்துக்கு அக்ரிலிக் போடலாம். ஆனால் அது தூசியை இழுக்கும், துணியால் அழுத்தித் துடைத்தால் கீறும்.

இனி நான் சொல்வதை ஒரு கருவியாகவே எடுத்துக்கொள்ளுங்கள். படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் இடைவெளி.

கழுகுமலைப் பக்கத்திலிருந்து ஒரு ஆச்சி வந்தார். மஞ்சள் பையிலிருந்து துணி சுற்றிய ஒரு படத்தை எடுத்தார். அவர் வீட்டுக்காரர், ராணுவ உடுப்பில். அந்த மனிதருக்கு இருப்பதே அந்த ஒரு போட்டோதான். "சட்டம் இத்துப் போச்சு தாயி, புதுசு போட்டுக் குடு" என்றார். பின்பலகையைப் பிரித்தேன். போட்டோ வரவில்லை. முகம் இருந்த இடத்தில் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தது. யாரோ பல வருடம் முன்னால் போட்டோவைக் கண்ணாடியோடு நெருக்கி வைத்து அடித்திருக்கிறார்கள். மழைக்கால ஈரத்தில் போட்டோவின் மேல்பூச்சு இளகிக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டது. ஓரத்தை நகத்தால் லேசாகத் தொட்டதும் தோள்பட்டைப் பக்கம் ஒரு கடுகளவு உரிந்தது. கையை எடுத்துவிட்டேன். "ஆச்சி, இதைப் பிரிச்சா முகம் போயிரும். இப்படியே இருக்கட்டும்" என்று சொல்லி, கண்ணாடியோடு சேர்த்தே ஸ்டுடியோவில் படம் எடுக்கச் செய்து, புதுப் பிரதி போட்டு அதற்குச் சட்டம் போட்டேன். பழையதையும் அந்தக் கண்ணாடியோடு அப்படியே பெட்டி மாதிரி செய்து கொடுத்தேன். ஆச்சி இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பழையதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றையிலிருந்து இறந்தவர்கள் படத்துக்கு, வாடிக்கையாளர் கேட்காவிட்டாலும் மவுண்ட் வைக்கிறேன். மவுண்ட் பிடிக்காது என்றால் கண்ணாடி ஓரத்தில் மறைவாக மெல்லிய பட்டை கொடுத்து இடைவெளி விடுகிறேன். ஆக, மவுண்ட் கட்டர் வாங்கத்தான் வேண்டும். ஆனால் கையில் பிடித்து ஸ்கேல் ஓரமாக இழுக்கும் சிறிய 45 டிகிரி கட்டர் போதும். பிளேடைக் கஞ்சத்தனம் பார்க்காமல் மாற்றுங்கள். மழுங்கிய பிளேடு அட்டையின் மூலையைக் கிழிக்கும். போர்டு வாங்கும்போது அமிலம் இல்லாதது என்று கேட்டு வாங்குங்கள். மலிவான அட்டையில் வெட்டு முகம் சில வருடத்தில் பழுப்பேறி, படத்தையும் பழுப்பாக்கும்.

பின்பலகைக்குக் காகித அட்டை வேண்டாம், கரையானுக்கும் ராமபாணப் பூச்சிக்கும் விருந்து. 3 மி.மீ. எம்.டி.எஃப். அல்லது ஹார்ட்போர்டு போடுங்கள். அதை நிறுத்த, தகட்டு முனைகளைச் சுடும் கைத் துப்பாக்கி ஒன்று வாங்குங்கள். சுத்தியலால் பக்கவாட்டில் ஆணி அடித்தால் அந்த அதிர்ச்சியிலேயே கண்ணாடி விரிசல் விடும், மூலையும் இளகும். நான் வாங்கிய சின்னக் கருவிகளில் சீக்கிரம் பணத்தைத் திருப்பித் தந்தது அந்தத் துப்பாக்கிதான். சுற்றிலும் டேப் ஒட்டி, கீழ் மூலைகளில் இரண்டு ரப்பர் பொட்டு வையுங்கள். சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்று போகும், ஐப்பசி கார்த்திகை ஈரம் தங்காது.

மேஜை, காற்று, கரண்ட்

எட்டுக்கு நாலு அடி பிளைவுட் ஒரு முழு ஷீட், இடுப்பு உயரத்துக்கு. உங்கள் இடுப்பு, கார்பென்டர் இடுப்பு இல்லை. அப்பா தரையில் உட்கார்ந்து வேலை பார்த்தே முழங்கால் போனவர். மேஜையின் அடியில் கண்ணாடியை நிறுத்தி வைக்கக் கட்டம் அடித்துக்கொள்ளுங்கள், படுக்க வைக்கக் கூடாது. ரம்பத்தை இந்த மேஜைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். ஒரு துணுக்குத் தூசி கண்ணாடிக்குள் போய்விட்டால் பிரித்துத் துடைத்துத் திரும்ப மாட்ட வேண்டும். எனக்கு ரம்பம் பின்கட்டில், படம் மாட்டுவது முன்கட்டில். ஒரே அறைதான் என்றால் காலையில் அறுப்பு, மதியத்துக்கு மேல் மாட்டுதல் என்று நேரத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள்.

டேப் ஒன்றே ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு டேப் இரண்டு அளவு சொல்லும்.

கம்ப்ரசர் முதல் நாளே வேண்டாம். காற்றில் ஓடும் ஜாயின்ட் மெஷின் வாங்கும்போது சேர்த்து வாங்கலாம், 1 ஹெச்.பி. போதும். அதோடு காற்றில் பின் ஆணி அடிக்கும் எஃப் 30 பின் கன்னும் ஓடும். தினமும் சாயங்காலம் டேங்க் அடியில் உள்ள திருகைத் திறந்து தண்ணீரை வடிக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே துருப்பிடித்துவிடும்.

லேமினேஷன் பிரஸ்ஸை அந்தப் பெண்ணின் பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன். அது தனித் தொழில். ஸ்டுடியோக்காரர்களே செய்துவிடுகிறார்கள். சுவர்க் கண்ணாடி கட்டரையும் அடித்தேன்.

மிச்சப் பணத்தில் பீடிங்

பத்துப் பன்னிரண்டு டிசைனுக்கு மேல் வைக்காதீர்கள். சாமி படத்துக்குத் தங்க நிறத்தில் இரண்டு, மரநிறத்தில் மூன்று, கறுப்பு இரண்டு, வெள்ளை ஒன்று, மற்றவை உங்கள் விருப்பம். சென்னையில் பாரிமுனைப் பக்கம் தேவராஜ முதலி தெருவில் கண்ணாடி, பிரேம் கடைகள் வரிசையாக இருக்கின்றன. ஒரு தடவை நேரில் போய்க் கண்ணால் பார்த்து, விரலால் தடவி வாங்குங்கள். லெந்த்தைத் தரையில் உருட்டிப் பார்த்து, வளைந்ததை அங்கேயே ஒதுக்கிவிடுங்கள். வளைந்த பீடிங்கில் எந்த மெஷினாலும் மூலை சேராது.

கணக்கு இப்படிப் போடுங்கள். படத்தின் நாலு பக்கமும் கூட்டி, அதோடு பீடிங் அகலத்தை எட்டால் பெருக்கிச் சேர்க்க வேண்டும். 12க்கு 18 படம், ஒரு அங்குல பீடிங் என்றால் 60 கூட்டல் 8, ஆக 68 அங்குலம். ஒன்பதரை அடி லெந்த் 114 அங்குலம். மிச்சம் 46. அதில் 6க்கு 8 படம் ஒன்றுக்கு 36 அங்குலம் போகும். ஒவ்வொரு வெட்டிலும் பிளேடு மூன்று மில்லி மீட்டர் தின்னும், அதையும் விட்டுவிடாதீர்கள். சின்னத் துண்டுகளை நீளவாரியாகக் கட்டி வைத்தால் சான்றிதழ் சட்டத்துக்கு உதவும். விலை சொல்லும்போது மிச்சத் துண்டையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும், இல்லையென்றால் லாபம் முழுக்கக் குப்பைக் கூடையில் இருக்கும்.

கடன் வேண்டுமென்றால் முத்ரா திட்டத்தில் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை கிடைக்கும். உத்யம் பதிவு இணையத்தில் இலவசம், காசு கேட்கிறவர்களிடம் கொடுக்காதீர்கள். மானியத் திட்டங்களுக்கு மாவட்டத் தொழில் மையத்தில் நேரில் போய்க் கேளுங்கள். மூன்றரை லட்சத்துக் கொட்டேஷனை நாங்கள் அடித்து அடித்துக் குறைத்ததில் மைட்டர் ரம்பம், இரண்டு பிளேடு, கால்மிதி ஜாயின்ட் மெஷின், கண்ணாடி கட்டர், கை மவுண்ட் கட்டர், தகட்டு முனைத் துப்பாக்கி, மேஜை ஆகியவை மட்டும் மிஞ்சின. பீடிங்குக்கும் கண்ணாடிக்கும் தனியாகப் பணம் ஒதுக்கினோம். எல்லாம் சேர்த்தும் ஒரு லட்சத்தைத் தொடவில்லை.

முந்தாநாள் அவளிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வந்தது. கண்ணாடிப் பலகை மேல் நாலு துண்டு பீடிங், பசை இல்லாமல் சேர்த்து வைத்தது. "அக்கா, உள்பக்கம் லேசா வெளிச்சம் தெரியுது." பெரிதாக்கிப் பார்த்தேன், தாள் அளவு இருந்தது. 45லிருந்து துளி கீழே இறக்கித் திருகி, திரும்ப நாலு துண்டு வெட்டச் சொன்னேன். அரைமணி நேரம் கழித்து அடுத்த போட்டோ வந்தது. அதில் நாலாவது மூலைக்கு நேரே அவளுடைய கட்டைவிரலும் விழுந்திருந்தது.